வீட்டுக்குப் போக 'டு' வேண்டாம்

பள்ளிக்குப் போனால் 'டு ஸ்கூல்'. கடைக்குப் போனால் 'டு த ஷாப்'. வீட்டுக்குப் போகும்போது மட்டும் 'கோயிங் டு ஹோம்' தப்பு என்று ஆங்கில ஆசிரியர் 'டு'வைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. காரணம் கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்றார்.

அப்படித்தான் இல்லை. விடை தமிழிலேயே இருக்கிறது. ஊருக்கு, கோயிலுக்கு என்று 'கு' உருபு சேர்க்கிற நாம் அங்கே, வெளியே, மேலே என்ற சொற்களோடு அதைச் சேர்ப்பதில்லை. 'வெளியேக்குப் போனான்' என்றால் குழந்தைகூடச் சிரிக்கும். போகும் திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'கோ ஹோம்' என்பதில் வரும் 'ஹோம்' நம் 'வெளியே' போன்ற சொல்தான். 'ஹியர்', 'தேர்', 'அப்ஸ்டேர்ஸ்', 'அப்ராட்' எல்லாம் அதே இனம். 'ஹவுஸ்' அப்படியல்ல, அது வெறும் பெயர்ச்சொல். எனவே 'கோ டு ஹிஸ் ஹவுஸ்' என்று 'டு' வந்தே ஆக வேண்டும். 'கோயிங் டு ஃபாரின்' என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'ஃபாரின்' ஓர் அடைமொழி, போய் இறங்குகிற இடமல்ல.

போய்ச் சேர்ந்த பிறகும் வழுக்கல் உண்டு. 'மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்று மனத்தில் ஓடுவதால் 'ரீச்ட் டு மதுரை' என்று வாயில் வருகிறது. 'மதுரையை அடைந்தேன்' என்று நினைத்துப் பாருங்கள், 'டு' தானே உதிர்ந்துவிடும். 'விசிட்' என்பதும் இதே வகை: 'விசிட்டட் மதுரை' போதும். 'அரைவ்' மட்டும் தனிக்குணம் கொண்டது. ஊருக்கும் நாட்டுக்கும் 'இன்', ஸ்டேஷனுக்கும் ஏர்போர்ட்டுக்கும் 'அட்'. 'டு' அங்கே நுழையாது.

வாகனங்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. உள்ளே எழுந்து நடமாட முடிந்தால் 'ஆன்': பஸ், ரயில், விமானம். குனிந்து ஏறி உட்கார வேண்டியிருந்தால் 'இன்': கார், டாக்ஸி, ஆட்டோ. காலை இருபுறமும் போட்டு உட்காருகிற சைக்கிள், பைக், குதிரைக்கும் 'ஆன்'தான். 'பை' போட்டால் வாகனத்தின் பெயர் தனியாக நிற்க வேண்டும். 'பை கார்' சரி, 'பை மை கார்' தவறு, 'இன் மை கார்' என்க. 'பை வாக்' என்று ஒன்று ஆங்கிலத்தில் இல்லை. 'ஆன் ஃபுட்' என்றோ, நேராக 'ஐ வாக்ட்' என்றோ சொல்லிவிடலாம்.

'கோ ஷாப்பிங்', 'கோ ஸ்விம்மிங்' இரண்டிலும் நடுவில் எதுவும் வராது.

'டு'வுக்குப் பின் 'த' வருமா என்பது இன்னொரு தலைவலி. படிக்கப் போகிற பிள்ளை 'டு ஸ்கூல்' போகிறது. கட்டணம் கட்டப் போகிற அப்பா 'டு த ஸ்கூல்' போகிறார். மருத்துவமனைக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதே கணக்குதான், அமெரிக்கர்கள் நோயாளி போனாலும் பார்க்கப் போனாலும் ஹாஸ்பிடலுக்கு 'த' போடுவார்கள். அக்காவுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிளம்புகிறவர் லண்டன்காரரிடம் 'கோயிங் டு ஹாஸ்பிடல்' என்றால், உடம்புக்கு என்ன என்றுதான் அவர் பதறிக் கேட்பார்.