குற்றவியல் நீதி படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த கையோடு எங்கள் பட்டணத்துக் கோயில் மண்டபத்தில் கல்லூரிக்காரர்கள் மேசை போட்டுவிடுவார்கள். ஊர் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்களுக்கு இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இந்தத் தடவை தங்கச்சி ஒருத்தி பளபளவென்று ஒரு கையேட்டை நீட்டி, "அக்கா, இதப் படிச்சா லாயர் ஆகலாமாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதே மண்டபத்தில் அதே வார்த்தையைக் கேட்டுத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன்.

விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதே, சான்றிதழைப் பத்திரப்படுத்து என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

சட்டப் படிப்பு என்று நினைத்துச் சேர்வது

எனக்கு இன்னும் ஆறாதது இது. "சட்டம், கோர்ட்டு, போலீஸ் எல்லாம் இதுலயே வந்துடும்மா, முடிச்சிட்டு சிஎல்பி எழுதினா லாயர்" என்றார் மேசைக்காரர். சிஎல்பி என்றால் வழக்கறிஞராவதற்கான தகுதித் தேர்வு. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், பக்கத்தில் நின்று தலையாட்டினார். கடனுக்கு பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்வி நிதி இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

மூன்று வருடம் குற்றவியல் கோட்பாடு, சிறை நிர்வாகம், உளவியல், ஆய்வுமுறை என்று போனது. தண்டனைச் சட்டம் ஒரு பாடமாக வந்தது, சாட்சியச் சட்டத்தைத் தொட்டுவிட்டு விட்டார்கள். ஒப்பந்தச் சட்டம், நிலச் சட்டம் பக்கமே போகவில்லை, அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் சிஎல்பி பற்றி விசாரிக்கப் போன் போட்டால், "உங்க எல்எல்பி எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வழக்கறிஞராக வழி சொல்வது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம். சிஎல்பி எழுதவே அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் வேண்டும், அதற்கு அப்புறமும் 9 மாதம் சேம்பரிங், அதாவது மூத்த வக்கீலிடம் பயிற்சி, இருக்கிறது. அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் டிபிபி ஆவதற்கும் சட்டப் பட்டம்தான். குற்றவியல் நீதிப் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டவே முடியாது.

அதற்காக இது வெறும் படிப்பு என்று சொல்லமாட்டேன். போலீஸ், சிறை, குடிநுழைவு, நன்னடத்தைப் பணி என்று போகிறவர்களுக்கு நன்றாகவே உதவும். இன்று என் வேலை, கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி நன்னடத்தை அறிக்கை எழுதுவது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுக்குமுன் நீதிமன்றம் அந்த அறிக்கையைப் பார்த்தாக வேண்டும். போன மாதம் மோட்டார் சைக்கிள் திருடிய ஒரு பையனின் லயத்து வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்னால் இருக்கும் ஐந்தடியில் நின்றுகொண்டே அவன் அம்மா பேசினார், திண்ணையில் அவனுடைய பள்ளிச் சப்பாத்து வெள்ளை பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. திருடிய மறுநாளும் பள்ளிக்குப் போயிருக்கிறான். அதையும் அறிக்கையில் எழுதினேன். இந்த மாதிரிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் படிப்புதான். ஆனால் இதுதான் வேலை என்று தெரிந்து சேர்வது வேறு, ஏமாந்து வந்து சேர்வது வேறு.

பதிவேட்டைப் பார்க்காமல் பணம் கட்டுவது

படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்கியூஏவின் தகுதிப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. கல்லூரியின் பெயரோடு நிற்காமல் பாடத்தின் பெயரையும் தேடுங்கள். புதுப் பாடம் முதலில் தற்காலிக அங்கீகாரத்தில் ஓடும், முழு அங்கீகாரம் பிறகுதான். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று கையேட்டில் போட்டிருந்தால் அது எதிலும் சேர்த்தியில்லை.

எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இல்லாமல் பட்டம் முடிப்பது

அரசு வேலை கிடைக்காது. முதலில் அந்தத் தாளைத் திரும்ப எழுதுங்கள்.

அரசுப் பணி ஆணையமான எஸ்பிஏவில் பதிந்துவிட்டுப் போலீஸ் வேலைக்குக் காத்திருப்பது

போலீசுக்குத் தனி ஆணையம். சிறை, குடிநுழைவு, சுங்கத்துக்குத்தான் எஸ்பிஏ. பட்டத்தோடு போகிறவர்கள் இன்ஸ்பெக்டருக்கு மனுப் போடுங்கள், கான்ஸ்டபிளுக்கு எஸ்பிஎம்மே போதும். உயரம், எடை, கண் எல்லாம் பார்ப்பார்கள், அதைப் படிப்பு முடிந்த பிறகு அளந்து பார்த்துப் பயனில்லை.

ஒட்டுக்கடையில் முன்கூட்டியே சொல்வது

நான் சேர்ந்த அன்றே, மகள் லாயராகப் போகிறாள் என்று அப்பா தெருவோர டீக்கடையில் சொல்லிவிட்டார். கடைக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "லாயரம்மா, தே தாரிக்கா?" என்கிறார்.