இரண்டு ஆப்பிலும் இருக்கும் ஆளுக்குப் போனஸ் கொடுக்காதீர்கள்

லோகோ, டிசைன் போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். புதிதாக டாக்சி ஆப், டெலிவரி ஆப் தொடங்குகிறவர்களின் கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பவை மட்டும் இங்கே.

"டிரைவர் நம்ம ஆள்" என்று நம்புவது

டிரைவர் இரண்டு மூன்று ஆப்களை ஒன்றாகத் திறந்து வைத்திருப்பார். எது முதலில் சவாரி கொடுக்கிறதோ அதை எடுப்பார். பயணியும் இரண்டிலும் விலை பார்த்துவிட்டுத்தான் புக் செய்வார். இப்படி இரு தரப்பும் எல்லா இடத்திலும் இருக்கும்போது, உங்கள் போனஸ் அன்றைய சவாரியை மட்டுமே வாங்கும், ஆளை வாங்காது.

நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு கம்பெனியில் வாரப் போனஸ் அறிவித்தார்கள். சவாரிகள் ஏறின. போனஸை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே வந்தன. "அப்போ தொகையைக் கூட்டுவோம்" என்றார் நிறுவனர். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பேச்சில்தான். நீங்கள் கூட்டினால் போட்டிக்காரர் சும்மா இருப்பாரா?

பணம் நிறைய இருந்தால் தாக்குப்பிடிக்கலாம் என்பவர்கள் ஊபரைப் பார்க்கட்டும். சீனாவில் ஆண்டுக்கு 100 கோடி டாலர் இழப்பதாக 2016 தொடக்கத்தில் அதன் தலைவர் டிராவிஸ் காலனிக் தாமே சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தொழிலை அங்குள்ள போட்டி நிறுவனமான தீதீயிடம் கொடுத்துவிட்டுப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். 2018-ல் தென்கிழக்கு ஆசியாவிலும் அதேதான்: போட்டி நிறுவனமான கிராப்பிடம் தொழிலைக் கொடுத்துவிட்டு அதில் 27.5 சதவீதப் பங்கு.

சரி, வேறு என்ன செய்வது? கட்டணம் வாங்கும் முறையை மாற்றிப் பாருங்கள். பெங்களூரின் ஆட்டோ ஆப்பான நம்ம யாத்ரி கமிஷன் வாங்காமல் நாள் சந்தா முறையைக் கொண்டுவந்தது. சந்தா கட்டிய டிரைவருக்கு அன்றைய அடுத்தடுத்த சவாரிகளுக்குக் கமிஷன் கிடையாது. மற்ற ஆப்களை அவர் அணைக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு சவாரி வந்தால், வாடகையும் ஒன்றாக இருந்தால், அவர் விரல் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

யு.பி.ஐ. மேல் ஆப் கட்டிவிட்டு நெட்வொர்க் என்னுடையது என்பது

இல்லை. யு.பி.ஐ. எல்லா ஆப்களுக்கும் பொது. உங்கள் ஆப்பை விட்டுப் போனவரும் வேறு ஆப்பிலிருந்து அதே ஆட்களுக்குப் பணம் அனுப்பலாம்.

ஊர் முழுக்க ஒரே நாளில் தொடங்குவது

பெங்களூரின் ஒரு கோடியில், ஒயிட்ஃபீல்டில் நிற்கும் ஆட்டோவால் தொலைவில் இருக்கும் ஜெயநகர்ப் பயணிக்கு ஒரு பயனும் இல்லை. ஃபேஸ்புக் 2004-ல் ஹார்வர்டில் தொடங்கி ஒவ்வொரு கல்லூரியாகத்தான் போனது. 2011-ல் வந்த கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸில் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பேச ஆளில்லை, 2019-ல் மூடினார்கள். முதலில் ஒரு பகுதியை எடுங்கள். அங்கே புக் செய்தவருக்குச் சில நிமிடங்களில் வண்டி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் அடுத்த பகுதி.