அரைகுறை வேலை பார்த்த வாடகை வீடு: சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அண்ணன் மகன் போன் செய்தான். மேடவாக்கத்தில் வாங்கிப் போட்டிருக்கும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை ஒரு கான்ட்ராக்டரிடம் மொத்தமாக ஒப்படைத்திருந்தான். அவர் பாதி வேலையைக் கெடுத்து, மீதியைத் தொடாமல், கடைசியில் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். "சித்தப்பா, வாடகைக்கு ஆள் ரெடியா இருக்கு. முதல்ல பெயிண்ட் அடிச்சு விட்டுடறேன், மத்ததைப் பொறுமையா பார்த்துக்கலாம்" என்றான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. 2016-ல் நான் சொன்ன அதே வார்த்தைகள், வரிசை கூட மாறவில்லை.

எனக்கென்று ஒரு ஃபிளாட் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக இன்னும் நான்கைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் தென் சென்னையில். நான் கொத்தனாரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கைக்காசைப் போட்டுக் கற்றுக்கொண்டவன். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கு, முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயிண்டரை முதலில் கூப்பிடுவது

பெயிண்ட் அடித்த வீடு முடிந்த வீடு போலத் தெரியும். ஆபத்தே அதுதான். சுவருக்குள் ஓதம் இருக்கும்போது மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், இரண்டு மூன்று மாதத்தில் உப்பு பூத்து, பொரிந்து, பக்கம் பக்கமாக உரிந்து விழும். புதுப் பூச்சாக இருந்தாலும் இதே கதை. பூச்சு பூசி ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும், அப்புறம் நன்றாகக் காய ஒரு மாதம் வரை ஆகும். ஓடிப்போன கான்ட்ராக்டர் திங்கட்கிழமை பூசி வியாழக்கிழமை பட்டி போட்டிருப்பார்.

சந்தேகம் இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

கோடையில் இந்தச் சோதனையில் தேறிய சுவர் மழையில் தோற்றுப்போவதும் உண்டு. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு ஃபிளாட்டில் 2023 மே மாதம் அடித்த பெயிண்ட் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வரும்வரை கண்ணாடி மாதிரி இருந்தது. புயல் மழை முடிந்து போய்ப் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே அப்பளம் அப்பளமாகத் தூக்கியிருந்தது. வெளிப்பக்கம் சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே எவ்வளவு அடித்து என்ன பயன்?

"மேலேயே ஒட்டிடலாம் சார்"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருடம் ஆகியும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மடிப்பாக்கத்தில் என் ஃபிளாட் இரண்டாவது மாடி. பாத்ரூமை முதல் கான்ட்ராக்டர் புதுப்பித்துக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கீழ்வீட்டில் இருக்கும் ரிட்டையர்டு டீச்சர் மேலே ஏறி வந்தார். "தம்பி, தலைக்கு மேல சொட்டுதுப்பா. குடை பிடிச்சிக்கிட்டா குளிக்க முடியும்?" கீழே போய்ப் பார்த்தேன். அவர் பாத்ரூம் கூரையில் தாம்பாளம் அளவுக்குப் பழுப்பு வட்டம், நடுவில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது.

வேறொரு கான்ட்ராக்டரைக் கூட்டி வந்தேன். ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். "டைல்ஸ் இடுக்கு வழியாத்தான் சார் இறங்குது. உடைச்சா ரப்பீஸ் அள்ளவே பாதிக் காசு போயிடும். மேலேயே புது டைல்ஸ் ஒட்டிடலாம். மூணே நாள்." தண்ணீர் தேக்கிச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "டைம் வேஸ்ட் சார், பத்து வருஷ கேரண்டி எழுதியே தர்றேன்" என்றார். தந்தார். லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு. அதிலிருந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

22,000 ரூபாய். சொன்னபடி மூன்றே நாளில் முடித்தார், அதில் குறை சொல்ல முடியாது. பழைய டைல்ஸ் மேல் பசை, அதன் மேல் புது டைல்ஸ் என்று தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தது. பாத்ரூமுக்கும் வெளித்தரைக்கும் இருந்த இறக்கமே அவ்வளவுதான். ஆக, குளித்த தண்ணீர் நடைவழிக்கு வந்தது. கதவின் அடியை அறுக்க வேண்டியிருந்தது. எதிரே இருந்த பெட்ரூம் நிலையின் கால் ஊறி உப்பியது. வடிகால் வாய் பழைய மட்டத்திலேயே கீழே நின்றுவிட்டதால் சுற்றிலும் சிமெண்டை அப்பி மூடியைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த இடுக்கு இன்னொரு கசிவுக்கு வழி. வாட்டம், அதாவது தண்ணீர் வடிகாலுக்கு ஓடும் சரிவு, என்று ஒன்று இல்லவே இல்லை. தண்ணீர் டாய்லெட் மூலையில் குளம் கட்டி நின்றது.

வேடிக்கை என்னவென்றால், சொட்டு நின்றுவிட்டது. இருபது நாள் டீச்சர் வீட்டுக் கூரை காய்ந்து கிடந்தது. நானும் பெருமையாகத்தான் இருந்தேன். வீடு காலியாக இருந்தது, குளிக்க ஆளில்லை, அதனால்தான் சொட்டவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வாடகைக்கு ஒரு குடும்பம் வந்தது. நான்காம் நாள் டீச்சர் மறுபடி படியேறினார்.

அப்புறம்தான் ஒரு வயதான கொத்தனாரைப் பிடித்தேன். அவர் வந்ததும் உளியை எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சொட்டுறது ராவும் பகலுமா, குளிக்கிறப்ப மட்டுமா?"

எல்லாம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஓயாமல் சொட்டினால் கசிவது டேங்கிலிருந்து வரும் குழாய். அதில் எப்போதும் அழுத்தம் உண்டு. குளித்த பிறகு மட்டும் சொட்டினால் வடிகால் அல்லது தரை. எங்கள் வீட்டில் இரண்டாவது. ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து, தரையில் ஒரு துளி படாமல் வடிகால் வாயிலேயே ஊற்றினார். சாயந்திரம் டீச்சர் வீட்டுக் கூரையில் நீலப் பொட்டு. டைல்ஸ் இடுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தரைக்கு அடியில் வடிகால் கிண்ணமும் குழாயும் சேரும் இடத்தில்தான் ஓட்டை. அதன் மேல் டைல்ஸ் இரண்டடுக்கு போட்டால் என்ன, இருபது அடுக்கு போட்டால் என்ன.

ஃபிளாட் பாத்ரூம்களில் கான்கிரீட் தளத்தைப் பெரும்பாலும் முக்கால் அடி, ஓரடி இறக்கிப் போட்டு, அந்தத் தொட்டிக்குள் குழாய்களை ஓட்டி, செங்கல் துண்டு போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அது தொட்டியேதான். வெளியேற வழி கீழ்வீட்டுக் கூரை மட்டும். நாங்கள் உடைத்தபோது கறுப்புத் தண்ணீர் நான்கு பக்கெட் அள்ளினோம். கூடவே சிமெண்ட் சாக்கு, பாக்குப் பொட்டலங்கள், ஒரு செருப்பு. குழாய் இணைப்பில் ஒட்ட வேண்டிய பசையே இல்லை. சும்மா செருகி எம்சீல் அப்பியிருந்தார்கள்.

சரியாகச் செய்வது இப்படி. தளம் வரை உடைத்து, காயவிட்டு, குழாயைப் புதிதாகப் போட வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக மெழுக வேண்டும். அதன் மேல் வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை. முதல் கை நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். சுவரில் ஓரடி உயரம் வரை, ஷவர் பக்கம் ஆள் உயரம் வரை ஏற்ற வேண்டும். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம். கோட்டிலிருந்து ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) இறங்கினால் பரவாயில்லை, அது ஆவியாவது. அதற்கு மேல் இறங்கினால், அல்லது கீழ்வீட்டில் புதிதாகச் சின்ன ஈரம் தெரிந்தால், மறுபடி பூச்சு. தொட்டியைச் செங்கல் துண்டு போட்டு நிரப்பின பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பூசி இன்னொரு தடவை தண்ணீர் தேக்குங்கள். டைல்ஸ் ஒட்டும்போது அடிக்குக் கால் இன்ச் வாட்டம் வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்து நீங்களே பாருங்கள், "எல்லாம் கண்ணளவிலேயே தெரியும் சார்" என்பவரை நம்பாதீர்கள்.

சரி செய்த பிறகும் கீழே சில வாரம் பழைய ஈரம் இருக்கும். கான்கிரீட் குடித்த தண்ணீர் மெதுவாகத்தான் வெளியே வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி உடைத்தவர்களையும் எனக்குத் தெரியும். வட்டம் பெரிதாகிறதா சுருங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கணக்குப் பார்த்தேன். முழு வேலைக்கு 78,000 ஆனது. அதை முதலிலேயே செய்திருந்தால் அத்தோடு போயிருக்கும். மேலே ஒட்டியதில் 22,000, டீச்சர் வீட்டுக் கூரைக்கு 9,000, குடிவந்தவர்கள் பொறுமையிழந்து காலி செய்ததில் இரண்டு மாத வாடகை 30,000. ஆக, 'மூணே நாள்' என்ற இரண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை 61,000.

டைல்ஸ் மேல் டைல்ஸ் எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. ஹாலில், பழைய தரை கெட்டியாக, காய்ந்து இருந்தால் தாராளமாக ஒட்டலாம். ஒழுகும் பாத்ரூமில் மட்டும் வேண்டாம்.

தட்டிப் பார்க்காமல் விடுவது

ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை. நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை வைத்து ஒட்டிவிட்டுப் போவது பழைய வித்தை. விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் இன்னும் மோசம்: அது உறிஞ்சும் தண்ணீர் அரை சதவீதம்கூடக் கிடையாது, சிமெண்ட் பால் அதில் பிடிக்காது, அதற்கென்று விற்கும் பசைதான் பிடிக்கும். சுவரில் வெற்றுச் சத்தம் கேட்டால் அந்த டைலை எடுத்துவிடுங்கள். தரையில் ஓரத்தில் ஒன்றிரண்டு என்றால் நான் கண்டுகொள்வதில்லை.

போட்டோ எடுக்காமல் சுவரை மூடுவது

சுவரை மூடும் முன், அளக்கும் டேப்பை விரித்து வைத்து, குழாய் தெரிய போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. டவல் கம்பி மாட்ட டிரில் போட்டேன். மூன்றாவது நொடியில் முகத்தில் வெந்நீர்.

எர்த் இல்லாத கீசர் பாயிண்ட்

உடனே மாற்றுங்கள். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள். இதில் பேரம் கிடையாது.

சிங்க் அடியில் பார்ட்டிகிள் போர்டு

போன கான்ட்ராக்டர் மரத்தூளை அழுத்திச் செய்த இந்தப் பலகையில் போட்ட கப்போர்டு சிங்குக்குக் கீழே ரொட்டி மாதிரி ஊதியிருக்கும். அதே பலகையை வாங்கி மறுபடி போடாதீர்கள். வாடகை வீட்டில் யாரும் உங்கள் பலகைக்காகத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சிங்குக்கு அடியில் மட்டுமாவது கடப்பா கல் தட்டு, முன்னால் அலுமினியக் கதவு. அழகில்லை என்பார்கள். என் அம்மா வீட்டுக் கடப்பா தட்டுக்கு வயது நாற்பது.

அதே கான்ட்ராக்டரைத் திரும்பக் கூப்பிடுவது

வேண்டாம்.

"குடிவாங்க, அப்புறம் செஞ்சு தர்றேன்"

ஆள் குடியிருக்கும் வீட்டில் டைல்ஸ் உடைப்பது இரண்டு தரப்புக்கும் நரகம். குழந்தை தூங்கும் நேரம், மாமியார் பூஜை நேரம், வேலைக்காரர்கள் டீ குடிக்கும் நேரம் போக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வேலை நடக்கும், கூலி மட்டும் முழு நாளுக்கு.

சட்டப்படியும் அது உங்கள் தலையில்தான். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. முந்தைய கான்ட்ராக்டர் செய்த கோளாறு அத்தனையும் முதல் பட்டியலில் வருவது தற்செயல் இல்லை. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும்தானே ஏமாற்ற முடியும். அண்ணன் மகனிடம் இதைச் சொல்லி, வாடகைக்கு வருகிறவரிடம் ஒன்றரை மாதம் தவணை கேட்கச் சொன்னேன். அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். போகட்டும்.

பூட்டு

வேலை நடந்த காலத்தில் கான்ட்ராக்டரின் ஆட்கள் எத்தனை பேரிடம் சாவி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாற்றிவிடுங்கள்.