பேரப்பிள்ளையோடு நடக்கப் போகும்போது

நாலு வயதுப் பேத்தியோடு மாலையில் நடக்கப் போனால் நான் அவசரப்படுவதில்லை. சுவரோரம் காய்ந்த பொடிமண்ணில் புனல்போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழியானை என்கிற சின்னப் பூச்சியின் வேலை. உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். "இது யார் வீடு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

"எறும்போட கிணறு தாத்தா" என்றாள் என் பேத்தி.

"தண்ணி எங்கே?"

"எல்லாரும் குடிச்சிட்டாங்க!"

அந்தக் கதை வீடு வரைக்கும் வளர்ந்துகொண்டே வந்தது. எறும்பு சறுக்கி விழுந்தால் பிடித்துத் தின்னத் தோண்டிய பொறி அது, குழியானை வளர்ந்ததும் தட்டான்போல இறக்கையோடு பறக்கும் என்பதையெல்லாம் அப்புறம் சோறு ஊட்டும்போது சொல்லலாம். நடுவில் மட்டும் திருத்தாதீர்கள். ஒரு துணிப்பையும் எடுத்துப் போங்கள். பொறுக்கிய கூழாங்கல்லிலிருந்துதான் மறுநாள் கதை தொடங்கும்.