கல்வித் தொழில்நுட்ப வேலை: பட்டதாரிகளும் நிறுவனங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பட்டம் பெற்று வேலை தேடும் நம் பிள்ளைகளில் பலர், கல்வித் தொழில்நுட்பம் என்றதுமே “எனக்குக் கோடிங் தெரியாதே” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நிரல் எழுதுவோர் இத்துறையில் ஒரு பகுதியினர்தான். பாடத்தை இணையவழிக்கு ஏற்ப வடிவமைப்பவர், மூடில் போன்ற இணையவழிக் கற்றல் தளத்தை நிர்வகிப்பவர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர் எல்லோரும் இங்கே தேவை. மொழியோ வரலாறோ கல்வியியலோ படித்தவர் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு, சான்றிதழ்களை மட்டும் அடுக்கி அனுப்புவது. செய்த வேலை ஒன்றையாவது காட்டுங்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் மாணவர்கள் தடுமாறும் ஓர் இடத்தை எடுத்து, பத்து நிமிடப் பாடமாகச் செய்து பாருங்கள். சியாவுலா என்ற கல்வி நிறுவனத்தின் கணிதப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடத்திட்டத்தின் வரிசையை அவற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பாடத்தை மடிக்கணினியில் மட்டும் சோதிப்பது பெரிய பிழை. டேட்டா விலையை எண்ணிச் செலவிடும் வீட்டில், விலை குறைந்த கைப்பேசியில்தான் மாணவர் அதைத் திறப்பார். பெரிய காணொளி அங்கே பயன்படாது. மின்வெட்டு நேரத்திலும் படிக்க, தரவிறக்கும் வசதி வேண்டும். மொழியையும் கவனியுங்கள். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டு மொழி சூலு. அவர்களில் பலர் நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். எளிய வாக்கியத்தில் எழுதத் தெரிந்தவர், கொஞ்சம் சூலுவும் பேசுபவர், அதைத் தன் விவரக்குறிப்பின் மேலேயே எழுத வேண்டும். பலர் கடைசி வரியில்கூட எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நிறுவனங்களின் தவறுகளும் குறைவில்லை. பாட வடிவமைப்பு, மென்பொருள் உருவாக்கம், காணொளித் தொகுப்பு, உதவி மையம் அனைத்தையும் ஒரே பணியிடத்தில் கேட்டு, தொடக்கநிலைச் சம்பளம் குறிப்பிடுவது நியாயமே அல்ல. அப்படிச் சேர்ந்தவர் நாள் முழுக்கக் கடவுச்சொல் மாற்றித் தருவதிலேயே களைத்துப்போகிறார். பள்ளிகளோ டேப்லெட் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, அவற்றைப் பாடத்தோடு இணைக்கும் ஆளுக்கு ஒதுக்குவதில்லை. முதலில் ஆளை நியமியுங்கள்.

இரு தரப்பும் மறக்கும் ஒன்று மாணவர் தகவல். போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் விவரத்தைச் சேகரிக்க, பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. மாதிரிப் பாடத்தில் உண்மையான மாணவர் பெயரையோ மதிப்பெண்ணையோ போடாதீர்கள்.

நேர்காணல் நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு யோசனை. பட்டத்தின் பெயரைப் பார்த்து ஆளைக் கழிக்காமல், உங்கள் பாடத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து, “இதில் எதை மாற்றுவீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். அரை மணி நேரம் போதும். முழுப் பாடமே செய்து தரச் சொன்னால், அந்த உழைப்புக்குக் கூலி கொடுங்கள்.