ஓவியரைப் பற்றிய கலைக்களஞ்சிய வரைவுக்குக் கருத்துரைப்பது எப்படி?

திருத்தத் தொடங்குமுன் வரைவை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். முதல் வாசிப்பிலேயே எழுத்துப்பிழைகளில் இறங்கிவிட்டால், கட்டுரை எதை விட்டுவிட்டது என்பது கண்ணில் படாது.

ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரைப் பற்றிய வரைவு உங்களிடம் வந்திருப்பதாகக் கொள்வோம். அவர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர் என்ற செய்திகள் முன்னுரையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வரைவுகள் பெரிதும் தடுமாறுவது புகழ்மொழியில்தான். ‘ஈடு இணையற்ற தூரிகை வேந்தர்’ என்றொரு தொடர் இருந்தால், அதை வெறுமனே அடித்துவிடாமல், இவ்வாறு மதிப்பிட்டவர் யார், எந்த நூலில் என்று ஓரத்தில் கேளுங்கள். சான்று கிடைத்தால் அது ஒரு திறனாய்வாளரின் கருத்தாக இடம்பெறலாம், கிடைக்காவிட்டால் எழுதியவரே நீக்கிவிடுவார். (பட்டங்களை அடுக்கும் பழக்கம் நம் மேடைகளோடு நிற்கட்டும்.) அந்த இடத்தில், 1960களில் பணிக்கர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையில் எழுத்து வடிவங்களும் சோதிடக் கட்டங்களை நினைவூட்டும் உருவங்களும் எவ்வாறு கலந்து நிற்கின்றன என்பதை விளக்கும் பத்தி ஒன்றைக் கோருங்கள்.

சான்றுகளைச் சரிபார்க்கையில், காட்சிக்கூடத்தின் விற்பனைக் குறிப்பும் ஆய்வாளரின் நூலும் ஒரே எடையுடையவை அல்ல என்பதைச் சுட்டுங்கள்.

படங்களையும் கவனியுங்கள். பணிக்கர் 1977இல் மறைந்தவர். ஆகவே இந்தியச் சட்டப்படி அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமை பொதுவாக 2037 முடியும்வரை நீடிக்கும் என்பதை எழுதியவருக்கு நினைவூட்டி, உரிய அனுமதி பெறப்பட்டதா என்று கேளுங்கள்.