தேசிக்காய்ச் சாற்றில் தொலையாத ஸ்கொட்ச்: கொக்டெயிலுக்கு வாங்கும்போது விடும் தவறுகள்

கொக்டெயிலுக்கு ஸ்கொட்ச் வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் தேடுவது போத்தலில் உள்ள வயதை. 12 என்று போட்டிருந்தால் நல்லது, ஒன்றும் போடாவிட்டால் மட்டம் என்று ஒரு கணக்கு. அந்த எண், கலவையில் இருக்கும் ஆக இளைய விஸ்கியின் வயது மட்டுமே. வயது போடாத ஸ்கொட்ச்சும் ஸ்கொட்லாந்தில் ஓக் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் கிடந்திருக்க வேண்டும், மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது என்று 2009 ஆம் ஆண்டின் ஸ்கொட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் கட்டாயப்படுத்துகின்றன. கூடுதல் வருடங்களுக்காக நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் மென்மைக்குப் போகிறது. 20 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு விழுந்ததும் முதலில் காணாமல் போவதும் அந்த மென்மைதான்.

இதிலிருந்தே அடுத்த தவறும் வருகிறது: தனியாகக் குடிக்க இதமாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைத் தெரிவு செய்வது. கலப்பு ஸ்கொட்ச்சில் இரண்டு வகை விஸ்கி சேர்கிறது. முளைவிட்ட பார்லியை மட்டும் கொண்டு செப்புப் பானையில் வடிக்கும் மோல்ட் ஒன்று. பெரும்பாலும் கோதுமையிலோ சோளத்திலோ உயரமான தூண் வடிகலத்தில் எடுக்கும் இலேசான தானிய விஸ்கி மற்றது. சுவையின் எலும்பு மோல்ட்டில் இருக்கிறது, பீற் (சதுப்புநிலக் கரி) புகை வாசமும் பெரும்பாலும் அதில்தான். புளிப்பும் இனிப்பும் சேரும் பானத்துக்கு அந்த எலும்பு வேண்டும். ஆர்ட்மோர் வடிசாலையின் புகை மோல்ட் சேரும் டீச்சர்ஸ், காரமும் மெல்லிய புகையும் உள்ள ஜோனி வோக்கர் ரெட் லேபல் போன்றவை தேசிக்காய்ச் சாறும் சீனிப்பாகும் சேர்த்துக் குலுக்கும் விஸ்கி சவரில் தாக்குப்பிடிக்கும். டூவார்ஸ் வைட் லேபல், பலன்டைன்ஸ் ஃபைனெஸ்ட் இரண்டும் இலேசானவை. உயரக் கிளாஸில் சோடா ஊற்றிக் குடிக்கும் ஹைபோலுக்கு மிக நன்று, சவரில் அடங்கிப் போகும். 12 வருடப் போத்தலுக்கு உண்மையில் வேலை இருப்பது ரொப் ரோய் என்ற கொக்டெயிலில். 60 மில்லி ஸ்கொட்ச், 30 மில்லி இனிப்பு வெர்மூத் (மூலிகை வாசமூட்டிய வைன்), இரண்டு சொட்டு பிற்றர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு). அதில் விஸ்கியை மறைக்கப் புளிப்பு கிடையாது.

நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டாம். கரமல் நிறமி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

லேபிளில் ‘ஸ்கொட்ச்’ என்ற சொல் எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘ஸ்கொட்ச் மோல்ட் கலந்த விஸ்கி’ ஸ்கொட்ச் அல்ல. ஆனால் ஸ்கொட்லாந்துக்கு வெளியே போத்தலில் அடைத்த எல்லாமே போலி என்று நினைப்பதும் பிழை. கலப்பு ஸ்கொட்ச்சை மொத்தமாக அனுப்பி வேறு நாட்டில் அடைக்கலாம், ஒரே வடிசாலையின் மோல்ட்டான சிங்கிள் மோல்ட்டைத்தான் அப்படி அனுப்ப முடியாது. கொழும்பில் கடையில் வாங்கும்போது மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையைப் போத்தலுக்குப் போத்தல் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். கட்டுநாயக்க வரியில்லாக் கடையில் 1 லீற்றர், நகரத்தில் 700 அல்லது 750 மில்லி. 60 மில்லி கணக்கில் முறையே 16, 11, 12 பானம் வரும். விலையை அந்த எண்ணால் பிரித்துப் பாருங்கள். போயா தினத்தில் மதுக்கடை திறக்காது என்பதால் முதல் நாள் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுப்பவர்களும் உண்டு. நாட்காட்டியை முன்பே பார்த்து வைப்பது நல்லது.

வாங்கிய பிறகு விஸ்கியின் தலையில் விழும் பழிகள் சில உண்டு. வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும் லெமன் வேறு, நம் சந்தைத் தேசிக்காய் வேறு. அதன் கசப்பும் கூர்மையும் அதிகம். 60 மில்லி விஸ்கிக்கு 22 மில்லி என்று எழுதியிருந்தால் 18 இல் தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள். சீனிப்பாகுக்குப் பதில் கித்துள் பாணி போடுவது அருமையான யோசனை, ஆனால் அது புகைவாசமுள்ள விஸ்கியோடுதான் சேரும், இலேசானதை விழுங்கிவிடும். இரண்டு பங்கு பாணிக்கு ஒரு பங்கு சுடுநீர் கலந்து இளக்கி, 15 மில்லி போதும்.

ஐஸ் இன்னொன்று. வெளியே வைத்து ஈரம் கசியும் சிறு கட்டிகள் கொழும்பு வெக்கையில் குலுக்கி முடியுமுன்பே கரையும். 60 மில்லி விஸ்கி, 20 சாறு, 20 பாகு, உருகிய நீர் 30 என்றால் பானத்தில் மதுசாரம் சுமார் 18 வீதம். நீர் 60 ஆனால் அது 15 வீதம். எந்த விஸ்கியும் அங்கே நீர்த்துத்தான் தெரியும். பெரிய கட்டிகளை உறைபெட்டியிலிருந்து நேரே ஷேக்கரில் போட்டு, 12 செக்கன் அளவில் வேகமாகக் குலுக்கி வடியுங்கள்.

ரொப் ரோய் புளித்த வைன் போல நாறினால் ஸ்கொட்ச்சை மாற்றாதீர்கள். திறந்த வெர்மூத்தை அலுமாரியில் வைத்திருப்பீர்கள். அது வைன், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.